யார் செய்தது என்று எழுதவும்

சாம்பமலைத் தோட்டப் பாடசாலை,
ராகலை.
6.2.1955

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். இங்கே விடியற்காலையில் பனி உறைந்து தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகுகிறது. ஹட்டனில் இவ்வளவு குளிர் இருக்காது என்றாலும் அம்மாவை வெந்நீரிலேயே குளிக்கச் சொல்லுங்கள். மூச்சிழுப்பு குறைந்திருக்கிறதா?

நீங்கள் எழுதித் தொழிற்சங்கம் அச்சடித்த ‘மனு எழுதும் முறை’ வந்து சேர்ந்தது. எங்கள் தோட்டக் கிளைத் தலைவர் செல்லசாமி அண்ணன் புத்தகக் கட்டைத் தலையில் வைத்துச் சுமந்து வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மாதச் சங்கக் கூட்டத்தில் என்னை வாசிக்கச் சொன்னார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் பக்கத்தை வாசித்தேன். “விண்ணப்பங்கள் யாவும் எளிய நடையிலேயே வரையப்படுதல் இன்றியமையாததாகக் கருதப்படுகின்றது.” தொழிலாளி மாயாண்டி எழுந்து, “டீச்சர், தமிழ்ப் பொஸ்தகம் வந்திருக்குன்னு சொன்னாங்களே, அதப் படிங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மன்றாடி எழுதக் கூடாது என்று ஒரு விதி. ஆனால் சங்கத் தலைவர் பெயரில் நீங்கள் எழுதிய முன்னுரையோ “துரைமார்களின் கருணை நிழலில்” என்று முடிகிறது. செய்தவர் யார் என்று சொல்லாமல் எழுதக் கூடாது என்று இன்னொரு விதி. அதை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்: “‘அடிக்கப்பட்டேன்’ என எழுதப்படலாகாது, அடித்தவர் பெயரும் உத்தியோகமும் குறிப்பிடப்படல் வேண்டும்.” யாரால் குறிப்பிடப்படல் வேண்டும்?

விதிகள் நல்ல விதிகள், அதை மறுக்கவில்லை. கைநாட்டு வைக்கிறவருக்கு மனுவை முழுதும் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக் கூடாது என்று எழுதியதற்காகவே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் புத்தகம் தன் பேச்சைத் தானே கேட்கவில்லை என்றால் மற்றவர்கள் ஏன் கேட்க வேண்டும்?

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சுகிர்தம்


சங்கக் காரியாலயம்,
ஹட்டன்.
19.2.1955

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு,

அம்மாவும் நானும் சுகம். இழுப்பு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. உன் தேகநிலையைக் கவனித்துக்கொள்.

உன் கடிதம் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. அந்தப் புத்தகத்துக்காக நான் எத்தனை வாரம் உட்கார்ந்தேன் என்று அம்மாவுக்குத் தெரியும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டக் கற்றுக்கொடுக்கும் கங்காணி தன் தலைமயிரையும் அந்த அளவிலா வெட்டிக்கொள்கிறான்? வழிகாட்டி நூலுக்கு ஒரு கௌரவம் வேண்டும். அந்த நூலைத் தொழிலாளிகள் மட்டும் பார்ப்பதில்லை. கொழும்பில் பார்க்கிறார்கள், யாழ்ப்பாணத்துப் பண்டிதர்கள் பார்க்கிறார்கள். தோட்டக் கூலி லயத்தில் பிறந்தவன் எழுதியது, வேறெப்படி இருக்கும் என்று ஒருவன் சிரித்தால் அந்தச் சிரிப்பு உனக்கும்தான். நாம் எந்த லயத்திலிருந்து படித்து வந்தோம் என்பதை நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை.

விதி எழுதுகிறவன் வேறு, விதிப்படி எழுதுகிறவன் வேறு. இதைப் பற்றி இனி எழுதாதே.

சங்க வேலையாக அடிக்கடி தலவாக்கலைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

உன் அன்பு அண்ணன்,
றோலண்ட்


சாம்பமலை
14.3.1955

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அம்மாவின் சுகம் அறிய ஆவல். புத்தகச் சண்டை இருக்கட்டும். இது வேறு விஷயம். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் புத்தகத்தைக் கேட்டுச் சிரிக்க வைத்தாரே மாயாண்டி, அவர் பெண்சாதி வேலாயி ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. கீழ்மலையில் லேசான வேலை கேட்டாள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு லோரன்ஸ் மேல்மலைக்கே போகச் சொன்னார். செங்குத்தான மலை, அன்றைக்கு மழை வேறு. கொழுந்தோடு அவள் மடுவத்துக்கு வந்தபோது பிந்திவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் நிறுத்து முடியும்வரை அவளைத் தலைக்கயிற்றில் கூடையோடு வெளியே மழையில் நிறுத்திவைத்தார். “எறக்கி வச்சுக்கிறேன்னு கேட்டேன் டீச்சர். எறக்குனா பேரு வெட்டிருவேன்னாரு. பேரு போனா நாள் சம்பளம் போச்சேன்னு நின்னேன்” என்று வேலாயி சொன்னாள். எல்லோரும் போன பிறகு ஈரக் கொழுந்து செல்லாது என்று அதையும் கொட்டச் சொல்லியிருக்கிறார். கொட்டக் குனிந்தவள் அப்படியே விழுந்தாள்.

அன்று சாயந்திரம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துப் பிறந்தது. பெண் பிள்ளை. நான் பார்த்தேன் அண்ணன். விரல் நகம் எல்லாம் வந்திருந்தது. மாயாண்டி வந்தார். ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

தோட்டத்துத் துரையிடம் லோரன்ஸ் சொன்ன கதை, வேலாயி வழியில் சறுக்கி விழுந்தாள் என்பது. அந்த மலைக் கங்காணி சின்னத்தம்பி தான் எதையும் பார்க்கவில்லை என்கிறார். பார்த்த பெண்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளைக் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர்கள் பெயரையும் அதே கைதான் எழுத வேண்டும்.

உங்கள் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் மனு எழுதினேன். சின்னச் சின்ன வாக்கியம். மன்றாட்டு இல்லை. “கண்டாக்கு லோரன்ஸ் என்னை மழையில் நிறுத்தினார்” என்பதுதான் முதல் வரி. மூன்று முறை வேலாயிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் முறை, “அம்புட்டுதான் டீச்சர், அதுதான் நடந்துச்சு” என்று பெருவிரலை நீட்டினாள்.

மனுவை இதோடு அனுப்புகிறேன். இங்கிலீசில் மாற்றி லேபர் காரியாலயத்துக்கு அனுப்புவது உங்கள் கையில்தான் என்று தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவளிடம் தைரியம் சொன்னேன்.

உங்கள் அன்புத் தங்கை,
சுகிர்தம்


ஹட்டன்
2.4.1955

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் சுகம். அவ்விடம் அவ்வாறே என நம்புகிறேன்.

மனு கிடைக்கப்பெற்றது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

இப்படிப்பட்ட காரியங்களில் கேள்விப்பட்டதை எல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. கண்டாக்குமாருக்கும் மேலிடத்து நெருக்கடி உண்டு. நீ பாடசாலை வேலையைப் பார். அம்மா உனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள். வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்,
றோலண்ட்


சாம்பமலை
9.5.1955

அண்ணனுக்கு,

நான் சுகம்தான். கம்பளிச் சட்டை வந்தது, அளவு சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

லேபர் காரியாலயத்திலிருந்து செல்லசாமி அண்ணனுக்குப் பதில் வந்துவிட்டது. “விபத்து என்று தெரிகிறது, மேற்கொண்டு விசாரிக்க எதுவும் இல்லை” என்கிறார்கள். சங்கம் அனுப்பிய இங்கிலீசு மனுவின் நகலையும் கூடவே வைத்திருந்தார்கள். செல்லசாமி அண்ணன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். பக்கத்தில் வேலாயி நின்றாள்.

வேலாயி கேட்டாள். “அவரக் கூப்பிட்டு எப்ப டீச்சர் கேப்பாங்க?”

நான் நகலை வாசித்தேன். நீங்கள் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். “மழைக் காலத்தில் ஒரு தொழிலாளி மடுவத்தருகே காத்திருக்க நேர்ந்ததாகவும், துரதிர்ஷ்டவசமாகக் கர்ப்பம் கலைந்ததாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது.” அந்த வாக்கியத்தில் மழை இருக்கிறது, மடுவம் இருக்கிறது, மனுசன் இல்லை. லோரன்ஸ் இல்லை. வேலாயியும் இல்லை. ‘கலைந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நகம் முளைத்த பிள்ளை என்று நான் உங்களுக்கு எழுதினேனே, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதினீர்களா?

அவளுடைய கைநாட்டு நான் எழுதிய தாளில் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் சங்கத்து முத்திரைதான் இருக்கிறது. வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கக் கூடாது என்று எழுதியவர் நீங்கள். கைநாட்டே தேவையில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வேலாயிக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே எழுதி அனுப்புங்கள், அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.

சுகிர்தம்


ஹட்டன்
30.5.1955

தங்கை சுகிர்தத்துக்கு,

அம்மாவும் நானும் சுகம்.

அண்ணனுக்கு எழுதும் கடிதமா அது? அம்மா படித்துக் காட்டச் சொன்னபோது பாதியை விட்டுவிட்டுப் படித்தேன்.

இங்கிலீசில் உத்தியோகக் கடிதம் எழுதும் முறை வேறு. அங்கே ஆளின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டி எழுதினால் மரியாதையில்லை என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். தவிர, இப்போது சங்கத்துக்கும் தோட்ட முதலாளிமாருக்கும் பேச்சு நடக்கிறது. இந்த நேரத்தில் உத்தியோகத்தர் ஒருவரைப் பெயர் சொல்லி இழுத்தால் பெரிய காரியம் கெடும். ஒரு பெண்ணின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆயிரம் பெண்களுடைய நன்மையை நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

உன் பாடசாலை துரையின் தயவில் நடக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். மனு எழுதுவது உன் வேலை அல்ல.

அண்ணன்,
றோலண்ட்


சாம்பமலை
12.6.1955

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனசில்லை. அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். லோரன்ஸ் வாசலில் வந்து நின்றார். நான் அவரைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

“என்ன டீச்சர், என் மேல இவ்வளவு கோவம்? நாளைக்கு ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடப் போறவங்க நாம” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சிரித்தார்.

“என் தங்கச்சி ஜோசப்பினத்தான் ஒங்க அண்ணனுக்குப் பேசியிருக்கு. மாசி மாசமே தலவாக்கலைக்கு வந்து பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாரே. ஒங்களுக்குச் சொல்லலயா?”

நான் சொன்ன பதிலை எழுத மாட்டேன். பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

தலவாக்கலையில் உங்களுக்கு என்ன சங்க வேலை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆயிரம் பெண்களின் நன்மை என்று எழுதினீர்கள். ஒரே ஒரு பெண்ணின் அண்ணனைக் காப்பாற்றுவதற்காக வேலாயியின் வாயை அடைத்தீர்கள் என்று எழுதியிருந்தால் கோபம் இருந்திருக்கும், வெட்கம் இருந்திருக்காது. இப்போது எனக்கு இரண்டும் இருக்கிறது. வேலாயியின் முகத்தைப் பார்த்து “எங்க அண்ணன் கையில குடுத்திருக்கேன்” என்று சொன்னவள் நான்.

செல்லசாமி அண்ணனும் நானும் புதிதாக ஒரு மனு எழுதி, சங்கத்தின் வழியாக இல்லாமல், நுவரெலியா லேபர் அதிகாரிக்கு நேராக அனுப்பிவிட்டோம். தமிழிலேயே. முதல் வரியில் லோரன்ஸின் பெயர் இருக்கிறது. வேலாயி கைநாட்டு வைத்தாள். மாயாண்டியும் வைத்தார்.

சுகிர்தம்


ஹட்டன்
21.8.1955

சுகிர்தத்துக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதக் கூடாது என்று இருந்தேன். அம்மாவுக்கு ஆடி மழையில் இழுப்பு அதிகமாகி இப்போது தேறிவிட்டாள்.

கல்யாண விஷயம் உன்னிடம் தக்க சமயத்தில் சொல்லப்பட இருந்தது. கார்த்திகையில் தலவாக்கலைக் கோயிலில் நிச்சயம் செய்வதாகப் பெரியவர்களால் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. அம்மாவுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. நீ வர வேண்டும்.

அதற்கு முன் அந்த இரண்டாம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்கிறேன். விசாரணைக்குத் திகதி குறிக்கப்படப் போவதாகக் கேள்வி. தலைவர் என்னைக் கூப்பிட்டு, உன் தங்கையை உன்னால் அடக்க முடியவில்லையா என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் நின்றேன். நிற்க வைக்கப்படுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும்.

சாட்சி சொல்ல உன் பக்கம் யாரும் இல்லை. தோற்றுப்போய், வேலையும் போய் நிற்பாய். அண்ணனாகச் சொல்கிறேன்.

றோலண்ட்


தலவாக்கலை
4.9.1955

அன்புள்ள டீச்சர் அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் ஜோசப்பின். இந்தக் கடிதத்தை நான் எழுதியது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் நான் சாம்பமலையில் அண்ணன் குவாட்டர்ஸில்தான் இருந்தேன். அண்ணிக்குப் பிரசவம், ஒத்தாசைக்குப் போயிருந்தேன். வேலாயி விழுந்த அன்று அண்ணன் நனைந்துகொண்டு வந்தார். அடுப்படியில் தலையைத் துவட்டிக்கொண்டே, “இன்னைக்கு ஒருத்திக்குப் பாடம் படிச்சுக் குடுத்தேன். கூடையோட மழையில நிக்க வச்சேன். இனிமே பாருங்க, எல்லாரும் ஓடி வருவாளுக” என்றார். அண்ணி மடியில் பிள்ளையை வைத்திருந்தாள். “அவ புள்ளத்தாச்சியில்ல?” என்று கேட்டாள். “அதுக்கென்ன” என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போடச் சொன்னார். நான்தான் போட்டேன்.

மறுநாள் பிள்ளை செத்த செய்தி கேட்டேன். அண்ணன் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பயம்தான் காரணம்.

உங்கள் அண்ணன் பெண் பார்க்க வந்தபோது அவர் எழுதிய புத்தகத்தை எனக்குக் கொடுத்தார். அதைப் பலமுறை படித்தேன். செய்தவர் பெயரை எழுத வேண்டும் என்ற பக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இப்படி எழுதுகிற மனிதர் நல்லவராக இருப்பார் என்று நினைத்தேன். போன மாதம் வந்திருந்தபோது சாம்பமலை மனுவைப் பற்றிக் கேட்டேன். “நீங்க எழுதின மாதிரியே எழுதினீங்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “அது மத்தவங்களுக்கு எழுதினது. நம்ம குடும்பத்துக்கு இல்ல” என்றார். என்னைக் காப்பாற்றியதாக நினைத்துச் சொன்னார் அக்கா. அவர் குடித்துவிட்டுக் கொடுத்த தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

விசாரணை எப்போது என்று எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியே எழுதாமல் எங்கள் பள்ளிக்கூட விலாசத்தில் பதில் வந்தால் தபால்காரர் என் கையில் தருவார். நான் இங்கே கன்னியர் மடத்துப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஜோசப்பின்


சாம்பமலை
16.10.1955

அண்ணனுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? நான் சுகம்.

விசாரணை புதன்கிழமை நடந்தது. உங்களுக்கு யார் யாரோ சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன், நான் அங்கே இருந்தவள்.

தோட்டத்துக் காரியாலயத்தில் துரை, லேபர் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வேலாயி நடந்ததைச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அவள் சொன்னதில் பாதியைத்தான் சொன்னார். சின்னத்தம்பிக் கங்காணி, மழை இருட்டாக இருந்தது, பார்க்கவில்லை என்றார். லோரன்ஸ், அப்படி எதுவும் நடந்ததாக ஞாபகமில்லை என்றார். அதிகாரி பேனாவை மூடப் போனார்.

செல்லசாமி அண்ணன் வெளியே போய் ஜோசப்பினை அழைத்துக்கொண்டு வந்தார். காலை பஸ்ஸில் வந்து என் வீட்டில் இருந்தாள். லோரன்ஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நீ எதுக்குடி இங்க வந்த?” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். அவள் அவரையும் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து இங்கிலீசிலேயே சொன்னாள், கன்னியர் மடத்தில் படித்த இங்கிலீசு. “என் அண்ணன் அந்தப் பெண்ணை மழையில் நிறுத்தினார். அவரே அதை எங்களிடம் சொன்னார். நான் கேட்டேன்.” இங்கிலீசில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டி எழுதுவது முறையில்லை என்று எனக்கு விளக்கினீர்களே, அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது. ஒரு வார்த்தைகூட அதிகாரிக்கு விளங்காமல் போகவில்லை.

அதிகாரி பேனாவைத் திரும்பத் திறந்தார். அதன் பிறகு லயத்துப் பெண்கள் இரண்டு பேர், வெளியே நின்றவர்கள், தாங்களும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

வெளியே வந்ததும் வேலாயி ஜோசப்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. “இனி எப்படிம்மா வீட்டுக்குப் போவீங்க?” என்று கேட்டாள். ஜோசப்பின் அதுவரை அழவில்லை, அப்போதுதான் அழுதாள்.

வீட்டில் சேர்க்கவில்லை. என்னோடு இருக்கிறாள்.

லோரன்ஸைத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். வேறு தோட்டத்தில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். அவ்வளவுதான் தண்டனை. அங்கே ஒரு மடுவம் இருக்கும், அங்கேயும் மழை பெய்யும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு லொறி போனபோது லயத்துச் சனம் முழுவதும் ரோட்டோரம் நின்று பார்த்தது. யாரும் கூச்சல் போடவில்லை. கண்டாக்கைக் கண்டால் எடுக்கும் தலைத்துண்டை மாயாண்டி அன்றைக்கு எடுக்காமல் நின்றார்.

துரை எனக்கும் ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறார். வருட முடிவோடு பள்ளிக்கூடத்தையும் குவாட்டர்ஸையும் விட்டுவிட வேண்டும்.

சுகிர்தம்


ஹட்டன்
20.11.1955

சுகிர்தத்துக்கு,

உன் சுகத்துக்குக் குறைவிருக்காது. நினைத்ததை முடித்துவிட்டாய்.

நிச்சயம் நிறுத்தப்பட்டுவிட்டது. கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்குக் கொடுத்த பெயர்கள் திரும்ப வாங்கப்பட்டன. நான் தெருவில் நடக்கும்போது சைவக் கடைக்காரன்கூடப் பரிதாபமாகப் பார்க்கிறான். எனக்கு முப்பத்தொரு வயதாகிறது. லயத்திலிருந்து வந்த ஒருவனுக்கு அப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். அது உனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

ஜோசப்பின் உன்னோடு இருப்பதாக அறிகிறேன். சாப்பிடுகிறாளா?

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. சாம்பமலைக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது. நீ முதலில் சொன்ன குறைகள் திருத்தப்பட்டுள்ளன. நடை எளிதாக்கப்பட்டிருக்கிறது. மன்றாட்டு முன்னுரை நீக்கப்பட்டிருக்கிறது. உத்தியோகத்தர் பெயரைக் குறிப்பிடும் விதியும் தலைவரின் உத்தரவின்பேரில் நீக்கப்பட்டிருக்கிறது. இனி அந்தப் புத்தகம் தன் பேச்சைத் தான் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உனக்குத் திருப்திதானே?

அம்மாவிடம், பெண் வீட்டாரால் மறுக்கப்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். சில நாட்களாகச் சரியாகப் பேசுவதில்லை.

றோலண்ட்


சாம்பமலை
4.12.1955

அண்ணனுக்கு,

ஜோசப்பின் சாப்பிடுகிறாள். நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

இரண்டாம் பதிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செல்லசாமி அண்ணன் என்னிடம் கொடுக்காமல் தானே எழுத்துக் கூட்டி வாசித்தார். இந்தத் தடவை எல்லோருக்கும் விளங்கியது. அவ்வளவு எளிதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களால் முடியும் என்று எனக்கு எப்போதும் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல். முழுதும் கேட்டுவிட்டு வேலாயி, “பேரு எழுதச் சொன்ன எடம் எங்கண்ணே?” என்றாள். செல்லசாமி அண்ணன் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு புத்தகக் கட்டை முன்பு போலவே கட்டினார். அதையும் எங்கள் கிளையின் சங்க அட்டைகளையும் உங்கள் காரியாலயத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு சங்கம் தேடுவதா, சும்மா இருப்பதா என்று தெரியவில்லை. யாருக்கும் சந்தோஷமில்லை. திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள். முதல் பதிப்பு ஒன்று மட்டும் மாயாண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாதே என்றேன். “இருக்கட்டும் டீச்சர்” என்றார்.

நீங்கள் நடந்ததற்கேற்ப விதியை வெட்டிவிட்டு, என் பேச்சைக் கேட்டதாக எழுதுகிறீர்கள். நான் கேட்டது நேர்மாறானது. விதி அப்படியே இருந்திருக்கலாம். நீங்கள் அதன் உயரத்துக்கு ஏறி வந்திருக்கலாம். தப்பான நடையில் எழுதிய சரியான விதி இருந்த அந்தப் பழைய புத்தகம் இதைவிட நல்ல புத்தகம்.

நாம் பிறந்த லயத்தை மறந்துவிட்டேன் என்று ஒருமுறை எழுதினீர்கள். அந்த லயத்தில் அம்மாவையும் ஒரு கண்டாக்கு மழையில் நிறுத்தியதை அம்மா நமக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் பெயரைச் சொல்லித்தான் சொன்னாள்.

கந்தப்பளையில் சபைப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தை மாதத்திலிருந்து வேலை கிடைத்திருக்கிறது. ஜோசப்பினுக்கும் தையல் வகுப்பு தருவதாகப் போதகர் சொல்கிறார். இரண்டு அறை வீடு. அம்மா எங்களோடு இருக்கட்டும். குளிர்தான், நான் பார்த்துக்கொள்வேன்.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் ஹட்டனுக்கு வருகிறேன். அம்மாவின் பெட்டியைக் கட்டி வையுங்கள். வீட்டில் இருங்கள், வேலை இருக்கிறது என்று தலவாக்கலைப் பக்கம் போய்விடாதீர்கள்.

கல்யாணம் ஏன் நின்றது என்று நான் வருவதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மறுக்கப்பட்டது, நிறுத்தப்பட்டது என்று சொல்ல வேண்டாம். ‘நான்’ என்று தொடங்குங்கள். உங்களுக்கு வராது என்றால் விட்டுவிடுங்கள், நான் வந்து சொல்கிறேன். நான் சொல்லும் விதம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தங்கை,
சுகிர்தம்